இரும்புச்சத்துக் குறைவு ரத்தசோகை: ரத்தப் பரிசோதனை முதல் கடைசி மாத்திரை வரை

"ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. சத்து மாத்திரை எழுதித் தருகிறேன், சாப்பிடுங்கள்." ரத்தசோகை உள்ள ஏராளமான பெண்களுக்குச் சிகிச்சை இந்தப் பேச்சோடு தொடங்கி, இந்தப் பேச்சோடு முடிந்துவிடுகிறது. ஒரு மாதம் மாத்திரை சாப்பிடுவார்கள். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்துவார்கள். ஆறு மாதம் கழித்து அதே களைப்பு, அதே எண், அதே மாத்திரை.

இந்தச் சுழலிலிருந்து வெளியே வர மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தாக வேண்டும். குறைந்திருப்பது இரும்புதானா? இரும்பு எந்த வழியில் போகிறது? போனது முழுவதும் திரும்பி வந்துவிட்டதா? முதல் கேள்வியைப் பாதி மருத்துவமனைகளாவது கேட்கின்றன. இரண்டாவது அரிதாகத்தான் கேட்கப்படுகிறது. மூன்றாவதை நோயாளியே கேட்டால்தான் உண்டு. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. மருத்துவரிடம் போகாமல் தப்பிக்க இது உதவாது. போகும்போது என்ன கேட்பது, எதைக் கையில் கொண்டுபோவது என்று தெரிந்துகொள்ள உதவும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இத்தனை பேருக்கு இருப்பதாலேயே "பெண் என்றால் இதெல்லாம் சகஜம்" என்ற பேச்சு வந்துவிட்டது. பரவலாக இருப்பது வேறு, இயல்பாக இருப்பது வேறு.

படி 1: உடம்பு சொல்வதைக் கேட்பது

இரும்பு திடீரென்று தீர்ந்துபோவதில்லை. மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கரைகிறது. உடம்பும் அதற்கேற்ப வளைந்துகொடுத்துக்கொண்டே போகிறது. அதனால்தான் ஹீமோகுளோபின் 7 வரை இறங்கிய பிறகும் வேலைக்குப் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் அசதிதான்" என்று சொல்லும் பெண்களைப் பார்க்க முடிகிறது.

களைப்பு, படியேறினால் மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பு, தலைவலி, தலைச்சுற்றல், கவனம் நிலைக்காமை ஆகியவை பலருக்கும் தெரிந்த அறிகுறிகள். ஆனால் இவற்றில் எதுவுமே இரும்புக்குறைவுக்கு மட்டும் உரியதல்ல. தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று எதற்கும் இவை பொருந்தும். குறிப்பாகச் சுட்டிக்காட்டும் அறிகுறிகள் சில உண்டு. அவற்றைக் கேட்டால்தான் சொல்வார்கள். கேட்காவிட்டால் வெட்கப்பட்டு மறைத்துவிடுவார்கள். ஐஸ்கட்டியை நறுக்கு நறுக்கென்று கடித்துத் தின்னும் அடங்காத ஆசை அதில் முதலாவது. மண், சுண்ணாம்பு, பச்சரிசி, சாம்பல் போன்றவற்றின் மீது ஏக்கம் வருவதும் அதே வகைதான். இரும்பு ஏறத் தொடங்கியதும் இந்த ஆசை சில நாட்களிலேயே மாயமாகிவிடுவது உண்டு. இரவில் படுத்ததும் கால்களை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவது, வாயோரம் வெடிப்பது, நாக்கு வழவழப்பாகி எரிவது, நகம் எளிதில் உடைவது அல்லது நடுவில் குழிந்து கரண்டிபோல் ஆவது, கொத்தாக முடி கொட்டுவது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து வெளிறியிருக்கிறதா என்று சொல்வது பழைய வழக்கம். வெளிறியிருந்தால் சந்தேகப்படலாம். சிவப்பாகத் தெரிகிறது என்பதற்காக ரத்தசோகை இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கும்போதே இரும்பு இருப்பு காலியாகியிருக்கலாம், மேலே சொன்ன தொல்லைகளும் தொடங்கியிருக்கலாம். "ஹீமோகுளோபின் 12.3 இருக்கிறது, உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் அடுத்த படியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

படி 2: சரியான பரிசோதனையைக் கேட்டு வாங்குவது

விரல்நுனியில் குத்திப் பார்க்கும் சோதனை முகாம்களுக்கு ஏற்றது, அவ்வளவுதான். சிகிச்சையை முடிவுசெய்ய நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் இரண்டு பரிசோதனைகள் தேவை. ஒன்று, சி.பி.சி. எனப்படும் முழு ரத்த அணுக்கள் பரிசோதனை. மற்றொன்று, ஃபெரிட்டின். முதலாவதை எல்லோரும் எழுதித் தருவார்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் நீங்கள்தான் கேட்க வேண்டியிருக்கும்.

கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் அது ரத்தசோகை. 11 முதல் 11.9 வரை லேசானது, 8 முதல் 10.9 வரை நடுத்தரம், 8க்குக் கீழே கடுமையானது. இந்த எண் ரத்தசோகை இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். காரணத்தைச் சொல்லாது. காரணத்தின் தடயம் அதே அறிக்கையில் அடுத்தடுத்த வரிகளில் இருக்கிறது. யாரும் அங்கே பார்ப்பதில்லை.

ஓர் உதாரண அறிக்கையை எடுத்துக்கொள்வோம். 34 வயதுப் பெண். ஹீமோகுளோபின் 9.4. எம்.சி.வி. 68. எம்.சி.ஹெச். 21.9. ஆர்.டி.டபிள்யூ. 18.5. சிவப்பணு எண்ணிக்கை 43 லட்சம். தட்டணுக்கள் 4,60,000.

எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் சராசரி அளவு. 80 முதல் 100 வரை இருக்க வேண்டியது 68 ஆகிவிட்டது; அணுக்கள் சிறுத்துவிட்டன. எம்.சி.ஹெச். ஓர் அணுவில் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. 27க்குமேல் இருக்க வேண்டியது 21.9 என்றால் அணுக்கள் சிறுத்தது மட்டுமல்ல, வெளிறியும் இருக்கின்றன. ஆர்.டி.டபிள்யூ. அணுக்களின் அளவில் உள்ள ஏற்ற இறக்கம், ஏறக்குறைய 14.5 வரை இயல்பு. 18.5 என்றால் பெரியதும் சிறியதுமாகக் கலந்துகிடக்கின்றன. இரும்பு போதாமல் போகப் போகப் புதிதாகப் பிறக்கும் அணுக்கள் மேலும் சிறுத்துக்கொண்டே வருவதால் இந்தக் கலப்பு. தட்டணுக்கள் கொஞ்சம் கூடியிருப்பதும் இரும்புக்குறைவில் அடிக்கடி காண்பதுதான். அதற்காகத் தனியே பயப்பட வேண்டியதில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், எண்ணிக்கையை மில்லியனில் (10 லட்சம் ஒரு மில்லியன்) வைத்துக்கொண்டு. 68ஐ 4.3ஆல் வகுத்தால் 15.8. விடை 13க்கு மேல் இருந்தால் இரும்புக்குறைவின் பக்கம் சாய்கிறது. 13க்குக் கீழே இருந்தால் தலசீமியா (ஹீமோகுளோபின் உருவாவதில் உள்ள பரம்பரைக் குறை) மரபணுவைச் சுமப்பவராக இருக்கலாம். அப்படிப்பட்டவரின் அறிக்கை வேறு மாதிரி இருக்கும்: ஹீமோகுளோபின் 11.5, எம்.சி.வி. 66, ஆனால் சிவப்பணுக்கள் 56 லட்சம். வகுத்தால் 11.8. அணுக்கள் சிறியவை, ஆனால் எண்ணிக்கையில் குறைவில்லை. இது சந்தேகத்தைக் கிளப்பும் கணக்கு மட்டுமே, தீர்ப்பு அல்ல. உறுதிசெய்வதற்கு ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரெசிஸ் அல்லது ஹெச்.பி.எல்.சி. என்ற பரிசோதனை உண்டு. தலசீமியா சுமப்பவர் என்பது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இரும்பு குறையாத உடம்பில் அதனால் எந்தப் பயனும் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: இரண்டும் ஒருவருக்கே சேர்ந்திருக்கலாம். அந்தப் பரிசோதனையில் தலசீமியாவைக் காட்டிக்கொடுக்கும் ஹீமோகுளோபின் ஏ2 அளவை இரும்புக்குறைவு தாழ்த்திக்காட்டி மறைத்துவிடக்கூடும் என்பதால், சந்தேகம் இருந்தால் இரும்பை நிரப்பிய பிறகு மீண்டும் சோதிப்பது நல்லது.

அடுத்தது ஃபெரிட்டின். உடம்பு சேமித்துவைத்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் எண் இதுதான். நோய்த்தொற்றோ அழற்சியோ இல்லாத பெண்ணுக்கு ஒரு மில்லிலிட்டரில் 15 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புக்குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நடைமுறையில் பல மருத்துவர்கள் 30க்குக் கீழே இருந்தாலே குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். சில வழிகாட்டுதல்கள் 45 வரை போகின்றன. ஆனால் பல ஆய்வகங்களின் அறிக்கையில் "இயல்பு" என்று அச்சிட்ட எல்லை 10லிருந்தோ 12லிருந்தோ தொடங்கும். 13 வந்தால் தடித்த எழுத்து இருக்காது, சிவப்பு அம்புக்குறி இருக்காது. அதனால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. எண்ணைப் பாருங்கள், அம்புக்குறியைப் பார்க்காதீர்கள்.

ஃபெரிட்டினுக்கு ஒரு பலவீனம் உண்டு. காய்ச்சல், நோய்த்தொற்று, மூட்டுவாதம், கல்லீரல் நோய் இருந்தால் அது பொய்யாக உயர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் 60 என்று வந்தாலும் இருப்பு காலியாக இருக்கலாம். சளி காய்ச்சலோடு இருக்கும்போது இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுங்கள். நீண்டகால அழற்சி நோய் உள்ளவர்கள் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையையும், டிரான்ஸ்ஃபெரின் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம்) செறிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரும்பு போதவில்லை என்று பொருள். சீரம் இரும்பை மட்டும் தனியாகப் பார்ப்பதில் பலனில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, மாத்திரை விழுங்கியபின் வேறொன்று என்று அது நாளுக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. இரும்புக்குறைவு ரத்தசோகையில் ஹெச்.பி.ஏ.1சி. (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அந்த எண்ணை வைத்து மருந்தைக் கூட்டுவதற்கு முன் ரத்தசோகை இருக்கிறது என்பதை நினைவுபடுத்துங்கள்.

படி 3: ஓட்டை எங்கே என்று தேடுவது

ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுவதால்தான் சிகிச்சை திரும்பத் திரும்பத் தோற்கிறது.

மாதவிடாய் வரும் வயதில் முதல் சந்தேகம் மாதவிடாயின் மீதுதான். கணக்கைப் பாருங்கள்: ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனால் அது மிகை. 80 மில்லி என்றால் 40 மில்லிகிராம் இரும்பு. உணவிலிருந்து குடல் பொதுவாக ஒரு நாளைக்கு உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம்தான். அதிலும் ஏறத்தாழ 1 மில்லிகிராம் தோல், குடல் செல்கள் உதிர்வதிலேயே தினமும் போய்விடுகிறது. மிச்சத்தை வைத்து மாதம் 40 மில்லிகிராமை ஈடுகட்டுவது எளிதல்ல.

80 மில்லியை யாரும் அளந்து பார்ப்பதில்லை. அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? இரவில் அதற்காகவே எழ வேண்டியிருக்கிறதா? ஒரே நேரத்தில் இரண்டு நாப்கின் வைக்கிறீர்களா? இரண்டரை சென்டிமீட்டரைவிடப் பெரிய கட்டிகள் வருகின்றனவா? ஏழு நாளைத் தாண்டுகிறதா? கறை படிந்துவிடுமோ என்று அந்த நாட்களில் வெளியே போவதைத் தவிர்க்கிறீர்களா? ஒன்றிரண்டுக்கு ஆம் என்றாலே மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். "எனக்கு வழக்கமாகவே இப்படித்தான்" என்பது பதில் ஆகாது. அம்மாவுக்கும் அக்காவுக்கும் அப்படித்தான் என்றால் அதுவே ஒரு தடயம். ரத்தம் உறையும் தன்மையில் பிறவிக் குறை உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. வான் வில்லிபிராண்ட் நோய் அவற்றுள் பரவலானது. வயதுக்கு வந்த நாளிலிருந்தே மிகையான போக்கு, சும்மா இடித்தாலே கன்றிப்போவது, பல் பிடுங்கிய பின் ரத்தம் நிற்காமல் போவது என்று இருந்தால் அதற்கான பரிசோதனையைக் கேளுங்கள்.

மற்றபடி மிகை மாதவிடாய்க்குப் பின்னால் கர்ப்பப்பை நார்க்கட்டிகள், அடினோமயோசிஸ் (கர்ப்பப்பையின் உள்படலம் அதன் தசைக்குள் வளர்வது), தைராய்டு குறைவு, காப்பர் டி கருத்தடைச் சாதனம், ரத்தத்தை இளக்கும் மருந்துகள் ஆகியவை இருக்கலாம். ஸ்கேனும் தைராய்டு பரிசோதனையும் இதற்காகத்தான். மாதவிடாயைக் கட்டுப்படுத்தும் வழிகள் இன்று நிறையவே இருக்கின்றன. போக்கு உள்ள நாட்களில் மட்டும் எடுத்துக்கொள்ளும் டிரானெக்ஸாமிக் அமிலம், ஹார்மோன் மாத்திரைகள், கர்ப்பப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம் போன்றவை கர்ப்பப்பையை எடுக்காமலேயே போக்கைக் கணிசமாகக் குறைக்கும். முன்பு ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு இவற்றில் சில ஆகாது. அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மாதவிடாய் சாதாரணமாக இருக்கிறது, ஆனாலும் இரும்பு இல்லை என்றால் பார்வையை வயிற்றின் பக்கம் திருப்ப வேண்டும். வலிக்காக அடிக்கடி போடும் ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வகை மாத்திரைகளால் இரைப்பையில் புண்ணாகிக் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியலாம். கொக்கிப்புழு குடலில் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கும். மூலம் இருக்கலாம். ரத்தமே போகாமல், உறிஞ்சுவதில் கோளாறு இருக்கலாம்: சீலியாக் நோய் (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாமல் குடல் பாதிக்கப்படுவது), ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி, எடைகுறைப்பு அறுவைச் சிகிச்சை, வருடக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் அமிலக்குறைப்பு மாத்திரைகள். அடிக்கடி ரத்ததானம் செய்பவர்களும் இந்தக் கூட்டத்தில் சேர்வார்கள்; ஒரு தானத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு போய்விடுகிறது.

மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கு இரும்புக்குறைவு ரத்தசோகை வந்தால் மட்டும் எந்தச் சமாதானமும் சொல்லிக்கொள்ளக் கூடாது. குடல் புற்றுநோயின் முதல் அறிகுறியே சில சமயம் இதுதான். வயிற்றுத் தொல்லை எதுவும் இல்லாவிட்டாலும் எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி பற்றி மருத்துவரிடம் பேசியாக வேண்டும். மாத்திரையில் ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்பதற்காக இதைத் தள்ளிப்போடக் கூடாது.

படி 4: உணவைப் பற்றிச் சுருக்கமாக

நல்ல உணவு ரத்தசோகை வராமல் தடுக்க உதவும், குணமான பிறகு நிலைநிறுத்த உதவும். ஏற்கெனவே காலியாகிவிட்ட இருப்பை உணவால் மட்டும் நிரப்புவது நடக்கிற காரியமல்ல. இறைச்சி, மீனில் உள்ள இரும்பு எளிதாக உறிஞ்சப்படும். பயறு, கீரை, தானியங்களில் உள்ளது குறைவாகவே உறிஞ்சப்படும். எலுமிச்சை, கொய்யா, ஆரஞ்சு போல வைட்டமின் சி உள்ளவற்றைக் கூடவே சாப்பிட்டால் இந்த இரண்டாம் வகை கொஞ்சம் கூடுதலாகச் சேரும். தேநீரும் காபியும் நேர்மாறு; சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தள்ளிவைத்தால் போதும், விட்டொழிக்க வேண்டியதில்லை. பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பது வெறும் நிறத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை. அதில் இரும்பு குறைவுதான்.

படி 5: மாத்திரையை முறையாக எடுத்துக்கொள்வது

இரும்பு மாத்திரை புதிய கண்டுபிடிப்பல்ல. வெளிறிச் சோர்ந்த இளம்பெண்களுக்கு ஃபெரஸ் சல்ஃபேட் கலந்த உருண்டைகளைக் கொடுத்துக் குணமாக்கியதைப் பிரெஞ்சு மருத்துவர் பியர் புளோ 1832இல் பதிவுசெய்தார். கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டு ஆகிவிட்டது, அதே உப்பு இன்றும் வேலை செய்கிறது. விலை கூடிய மாத்திரை நல்ல மாத்திரை என்று நினைக்க வேண்டாம்.

அட்டையில் முதலில் பார்க்க வேண்டியது "தனிம இரும்பு" எவ்வளவு என்பது. உப்பின் எடையும் இரும்பின் எடையும் ஒன்றல்ல. 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட்டில் 65 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 300 மில்லிகிராம் ஃபெரஸ் குளூக்கோனேட்டில் 35 மில்லிகிராம்தான். பெரும்பாலான பெண்களுக்கு ஒரு வேளைக்கு 40 முதல் 100 மில்லிகிராம் தனிம இரும்பு போதும்.

ஒரு நாளைக்கு மூன்று வேளை என்பது பழைய முறை. இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது குடலின் வாசலை அடுத்த 24 மணி நேரத்துக்குக் கிட்டத்தட்டச் சாத்திவிடுகிறது. அதற்குள் அடுத்த மாத்திரையைப் போட்டால் பெரும்பகுதி குடலிலேயே தங்கி, மலச்சிக்கலும் குமட்டலும்தான் மிச்சம். இருப்பு குறைந்த பெண்களிடம் சூரிச்சில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் எடுத்தவர்கள் மாத்திரையிலிருந்து சராசரியாக 16 சதவீதமும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தவர்கள் 22 சதவீதமும் உறிஞ்சினார்கள். ஆகவே லேசான குறைவு என்றால், அல்லது வயிறு முரண்டுபிடித்தால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பது நல்ல ஏற்பாடு. ஹீமோகுளோபின் நன்றாக இறங்கியிருந்தால், சீக்கிரம் ஏற வேண்டுமென்றால், தினம் ஒன்று. இரண்டில் எது என்பதை மருத்துவரோடு பேசி முடிவுசெய்யுங்கள். இரண்டு மூன்று வேளை என்று எழுதியிருந்தால் காரணம் கேளுங்கள்.

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்குவது சிறந்தது. ஹெப்சிடின் காலையில் தாழ்ந்தும், பகல் போகப் போக உயர்ந்தும் இருக்கும். தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை, அமிலக்குறைப்பு மருந்து ஆகியவற்றிலிருந்து ஒன்றிரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்குத்தான் இங்கே சிக்கல்: இரண்டுக்கும் வெறும் வயிறு வேண்டும், ஆனால் இரண்டுக்கும் இடையே 4 மணி நேரம் இருக்க வேண்டும். காலையில் தைராய்டு மாத்திரை, மதியச் சாப்பாட்டுக்கு முன்போ இரவு படுக்கும்போதோ இரும்பு என்று பிரித்துக்கொள்ளலாம். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளோக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளோடும் இரும்பு சண்டைபோடும். வைட்டமின் சி மாத்திரையைக் கூடவே போட வேண்டுமா? போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஒரே மாதிரிதான் ஏறியது என்று ஒப்பீட்டு ஆய்வு காட்டியிருக்கிறது. காசு மிச்சம்.

மலம் கறுப்பாகப் போகும். இதை முன்கூட்டியே சொல்லாததால் பயந்து நிறுத்தியவர்கள் நிறைய. கெட்டியாக, கரும்பச்சை கலந்த கறுப்பாக இருந்தால் அது உறிஞ்சப்படாத இரும்பு. தார்போல் பிசுபிசுத்து, தாங்க முடியாத நாற்றத்தோடு போனால் அது உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குமட்டினால் நிறுத்திவிடாதீர்கள். கொஞ்சம் உணவோடு எடுத்துப் பாருங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாறிப் பாருங்கள், குறைந்த அளவுள்ள வேறு உப்புக்கு மாற்றித்தரச் சொல்லுங்கள். உணவோடு எடுத்தால் உறிஞ்சுவது குறையும்தான். ஆனாலும் குறைவாக உறிஞ்சுகிற மாத்திரை, பெட்டியில் தூங்குகிற மாத்திரையைவிட மேல். குடலுக்கு இதமானவை என்று விற்கப்படும் மெதுவாகக் கரையும் மாத்திரைகளிடம் மட்டும் எச்சரிக்கை: இரும்பு உறிஞ்சப்படுவது சிறுகுடலின் முதல் பகுதியில், அவற்றில் பல அந்த இடத்தைத் தாண்டிய பிறகே கரைகின்றன.

மாத்திரை அட்டையைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். மிட்டாய்போல் தெரியும் சில இரும்பு மாத்திரைகளே ஒரு சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திருக்காமல், மருத்துவமனைக்குக் கொண்டு ஓட வேண்டும்.

படி 6: எவ்வளவு காலம்?

மாத்திரை தொடங்கிய 2 முதல் 4 வாரத்தில் ஒரு சி.பி.சி. எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் வரிசையாக யோசிக்கலாம்: மாத்திரையை உண்மையிலேயே எடுக்கிறோமா, தேநீரோடு எடுக்கிறோமா, போக்கு நிற்காமல் தொடர்கிறதா, உறிஞ்சுவதில் கோளாறா, அல்லது முதலில் கண்டுபிடித்ததே தவறா? கூடவே வைட்டமின் பி12 குறைவும் இருக்கலாம்.

ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டதும் பெரும்பாலானவர்கள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் பெரிய தவறு. உடம்புக்குக் கிடைக்கும் இரும்பு முதலில் ரத்தத்துக்குத்தான் போகும். சேமிப்புக்குப் போவது கடைசியில். எவ்வளவு தேவை என்பதற்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் சூத்திரம் ஒன்று உண்டு. உடல் எடையை, வேண்டிய ஹீமோகுளோபினுக்கும் இப்போதுள்ளதற்கும் இடையேயான வித்தியாசத்தால் பெருக்கி, அதை 2.4ஆல் பெருக்கி, சேமிப்புக்கென்று 500 கூட்ட வேண்டும். 50 கிலோ எடை, ஹீமோகுளோபின் 8, இலக்கு 15 என்றால் 840உடன் 500 சேர்ந்து 1,340 மில்லிகிராம். 60 மில்லிகிராம் மாத்திரையில் 10 மில்லிகிராம் உள்ளே சேர்ந்தாலும் 134 நாள் ஆகும். நடுவில் வரும் மாதவிடாய்களில் போவது தனிக்கணக்கு. ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினால் ஏன் நிற்பதில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் ஏறக்குறைய 3 மாதம் தொடர வேண்டும். ஃபெரிட்டினைப் பார்த்த பிறகே நிறுத்த வேண்டும்.

ஊசியும் ரத்தமும் எப்போது?

மாத்திரை எந்த வடிவிலும் ஒத்துக்கொள்ளவில்லை, குடல் உறிஞ்சவில்லை, போக்கு மாத்திரையின் வேகத்தை மிஞ்சுகிறது, பிரசவமோ அறுவைச் சிகிச்சையோ நெருங்கிவிட்டது ஆகிய நிலைகளில் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம். அயர்ன் சுக்ரோஸ் என்றால் பல தவணை. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்றால் ஒரே அமர்வில் 1,000 மில்லிகிராம் வரை ஏற்ற முடியும். கடுமையான ஒவ்வாமை அரிது. ஆனாலும் அவசரச் சிகிச்சை வசதி உள்ள இடத்தில்தான் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது கையில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை நீண்ட காலம் நின்றுவிடும். கார்பாக்சிமால்டோஸ் ஏற்றியபின் சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட் இறங்கிவிடுகிறது. ஹீமோகுளோபின் ஏறியும் களைப்பு கூடிக்கொண்டே போனால், எலும்பு வலித்தால், அதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

ரத்தம் ஏற்றுவது கடைசி வழி. ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போய், மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால், அல்லது ரத்தப்போக்கு நிற்காமல் இருந்தால் அது தேவைப்படும். ஒரு யூனிட் ஏறக்குறைய 1 கிராம் ஏற்றும். அதற்குப் பிறகும் இரும்பு தேவைதான்.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, மயங்கி விழுவது, மணிக்கொரு நாப்கின் நனைவது சில மணி நேரமாகத் தொடர்வது ஆகியவற்றில் எது இருந்தாலும் முன்பதிவுக்குக் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கர்ப்பமும் அதற்குப் பிறகும்

கர்ப்ப காலத்தில் எல்லைகள் மாறுகின்றன. முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் 11க்குக் கீழே, நடுவில் 10.5க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால்தான் நடுவில் அந்தச் சலுகை. ஒரு கர்ப்பத்துக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாகத் தேவை. பல பெண்களின் சேமிப்பு அதில் பாதிகூட இருப்பதில்லை. ரத்தசோகை இல்லாவிட்டாலும் தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் தனிம இரும்பும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் எடுத்துக்கொள்ள உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது இதனால்தான். நரம்பு வழி இரும்பு முதல் மூன்று மாதத்தில் கூடாது.

பிரசவத்தில் ரத்தம் நிறையப் போயிருந்தால் வீட்டுக்கு வருமுன் ஒரு சி.பி.சி. எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெற்றவளின் களைப்பு என்று எல்லாவற்றையும் தூக்கமின்மையின் தலையில் கட்டிவிடுவது எளிது. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் கருத்தரிப்பதற்கு முன்பே ஃபெரிட்டினைப் பார்த்து நிரப்பிக்கொள்வது நல்லது. மற்றவர்கள் மாத்திரையை நிறுத்திய முதல் ஓராண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறை சி.பி.சி.யும் ஃபெரிட்டினும் பார்த்து, எல்லா அறிக்கைகளையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்திருங்கள். எண்கள் மறுபடி இறங்கத் தொடங்கினால் அந்தக் கோப்போடு மருத்துவரிடம் போய், மூன்றாம் படியிலிருந்து மீண்டும் தேடச் சொல்லலாம்.